இரண்டாவது பிரேக்

ஊரில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். "கிளட்ச்சை மிதிங்க, கிளட்ச், கிளட்ச்!" என்று அவள் போடும் சத்தம் ஓட்டப் பழகுகிற மைதானத்தைத் தாண்டி அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். கிளட்ச் அக்கா என்று பெயர் விழுந்தது அப்படித்தான். காய்கறி வாங்க அவள் கடைவீதியில் நடந்து போனால் எதிரே வருகிற கார்க்காரர்கள் அவசர அவசரமாக பெல்ட்டை இழுத்து மாட்டுவார்கள். நேராகப் போக வேண்டிய ஒருவர் அவளைப் பார்த்த பதற்றத்தில் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, போட்ட பாவத்துக்காகத் திரும்பியும் போனார் என்று ஒரு கதை உண்டு.

சின்ன நகரம் அது. ஒரு முனையில் வண்டியைக் கிளப்பினால் ரேடியோவில் இரண்டு பாட்டு முடிவதற்குள் மறுமுனை வந்துவிடும். எல்லாமே ஒன்றொன்றுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு மேம்பாலம், ஒரு சிக்னல். அந்த சிக்னலும் பாதி நாள் மஞ்சளிலேயே கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். டிரைவிங் ஸ்கூல் மட்டும் இரண்டு. ஒன்று அவள் வேலை பார்ப்பது. இன்னொன்று அவளுடைய முதலாளியின் மச்சினனுடையது. இங்கே முறைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேரலாம் என்கிற வழியெல்லாம் அவளுக்குக் கிடையாது.

அவளுடைய அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டியவர். வண்டி சும்மா நிற்கிற மத்தியானங்களில் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கல்யாணமான பிறகு அதுவே அவளுக்கு வேலையானது. புருஷன் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவர். பிள்ளைகள் இல்லை. மருந்துக்கடைக்கு மேலேயே வாடகைக்கு இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கீழே கடை வாசலின் தகரக் கூரையும், அதற்கப்பால் சந்தும், சந்து முனையில் மரத்தாலான ஒரு பெட்டிக்கடையும் தெரியும். அந்தக் கடை பூட்டு ரிப்பேர்க்காரருடையது.

வகுப்பு எடுக்கிற காரில் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் கற்றுக்கொடுப்பவர் மிதிக்க வேண்டும். வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்து அவளுடைய வலது கால் அவள் சொல்லைக் கேட்காத காலாகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும், டிவியில் யாராவது காரில் துரத்தினாலும் மிதிக்கும், தூக்கத்திலும் மிதிக்கும். "ராத்திரி முழுக்க வண்டிய நிறுத்திக்கிட்டே இருந்தா எப்பதான்டி ஊர் போய்ச் சேர்றது?" என்று புருஷன் கேலி செய்வார்.

பல் டாக்டருடைய மனைவி அவளிடம் சேர்ந்தது ஒரு மழைக்காலத்தில். பெரிய நகரத்தில் வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். காருக்குள் ஏறும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிப்பாள். கார் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசையே இல்லை. கூடப் படித்த டாக்டர்களின் மனைவிகள் எல்லாரும் ஓட்டுகிறார்கள், நீ மட்டும் ஏன் என்று கணவர் பிடித்த பிடி அது.

ஆளில்லாத சாலையில் நன்றாகவே ஓட்டினாள். ஆனால் குறுக்கே ஏதாவது வந்துவிட்டால் போதும், விறைத்துப்போவாள். பிரேக்கும் போடமாட்டாள், திருப்பவும்மாட்டாள். ஸ்டீயரிங்கை மார்போடு அணைப்பதுபோல் இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தியது பக்கத்து சீட்டுக் கால்தான்.

கிளட்ச் அக்கா முதலாளியிடம் போய்ச் சொன்னாள். "சார், அந்த மேடத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும். பயம் போகலை."

"பயம் எல்லாருக்கும் இருக்கறதுதானேம்மா. ஓட்ட ஓட்டப் போயிடும்."

"இது அந்த மாதிரிப் பயம் இல்ல சார்."

"டாக்டர் தெனம் போன் பண்றாரு. நம்ம வீட்ல எல்லார் பல்லும் அவர் கையிலதான் இருக்கு. டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கியாச்சு, கூட்டிட்டுப் போ."

டெஸ்ட் அன்று அதிகாரி பின் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்ச் சாலை, ஒரு வளைவு, ஒரு மேடு. எல்லாம் ஒழுங்காகவே போனது. திரும்பி வருகையில் குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் பாய்ந்தது. பல் டாக்டரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். கார் குலுங்கி நின்றது. நாய் ஒரு தடவை காரைப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனது.

அதிகாரி தலையை நிமிர்த்தினார். "பரவாயில்லயே, சட்டுன்னு நிறுத்திட்டீங்களே."

கிளட்ச் அக்காவின் கால் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது. நான்தான் நிறுத்தினேன் என்று சொல்ல ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. சொல்லவில்லை. வெளியே முதலாளி நின்றுகொண்டிருந்தார். டாக்டர் வீட்டில் டிரைவர் இருக்கிறார், இந்தம்மா எங்கே ஓட்டப்போகிறாள் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பல் டாக்டரின் மனைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கிளட்ச் அக்கா கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தாள்.

அடுத்த மாதம் அந்த டிரைவர் லீவில் போயிருந்த ஒரு மத்தியானம் அது நடந்தது. பூட்டு ரிப்பேர்க்காரரின் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு சாலையைக் கடந்தாள். எப்போதும் அந்த நேரத்துக்குப் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவள். பல் டாக்டரின் மனைவியின் கார் வந்தது. இந்தத் தடவை அவள் கால் மிதிக்கத்தான் செய்தது. ஆனால் மிதித்தது ஆக்சிலரேட்டரை. பெட்டிக்கடையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த பூட்டுக்காரர் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

சாவு வீட்டுக்குக் கிளட்ச் அக்காவும் புருஷனும் போனார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. பூட்டுக்காரர் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றார். அழுது முடித்த முகம்.

"தங்கச்சி, உன்கிட்டதானே அந்தம்மா கத்துக்கிட்டாங்க. நீயே சொல்லு. எப்படி ஓட்டுவாங்க?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அதில் முதலாளியும் ஒருவர்.

"நல்லாத்தாண்ணே ஓட்டுவாங்க."

அவர் மெல்லத் தலையாட்டினார். "அப்ப இவதான் பாக்காம வந்திருக்கா. எப்பவுமே இவளுக்கு அவசரம்."

போலீஸ்காரர்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள். யார் மேலும் வழக்கு நிற்கவில்லை. பெட்டிக்கடைக்கு வந்து துக்கம் கேட்டவர்களிடமெல்லாம் பூட்டுக்காரர் அதையே சொன்னார். தூக்க மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு வந்தபோதும் சொன்னார். புருஷன் அதை மாடிக்கு வந்து இவளிடம் சொன்னார். "பாவம்டி அந்த மனுஷன். 'ரோட்டைப் பாத்து வாடின்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன், கேட்டாளா'ன்னு செத்தவளப் போட்டுத் திட்டிக்கிட்டு இருக்காரு."

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள். அன்றைக்குத்தான் புருஷனிடம் டெஸ்ட் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "வெளிய சொல்லாத," என்றார். "நாம இந்த ஊர்லதான் இருக்கணும்."

"அவரும் இந்த ஊர்லதானே இருக்காரு."

"அதனாலதான் சொல்றேன்."

சில வாரம் கழித்து முதலாளி அவளைக் கூப்பிட்டார். பல் டாக்டர் போன் செய்திருந்தாராம். சம்பவத்துக்குப் பிறகு மனைவி காரைத் தொடவே மாட்டேன் என்கிறாளாம், பயம் தெளிய மறுபடி வகுப்பு வேண்டுமாம். "நீதான் போகணும். வேற யார்கிட்டயும் உக்காரமாட்டேன்னு சொல்லிட்டாங்களாம்."

மைதானத்தின் நடுவே காரை நிறுத்திக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சினைக்கூடப் போடவில்லை. பல் டாக்டரின் மனைவி இளைத்திருந்தாள். செருப்பு இரண்டும் மடியில் இருந்தன.

"அன்னைக்கு நாய் வந்தப்ப பிரேக் போட்டது நீங்கதானே டீச்சர்?"

"ஆமா மேடம்."

"எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு ஓட்டுனீங்க?"

"எல்லாரும் பாஸுன்னாங்க. வீட்ல கேக் வெட்டினாங்க. அதுக்கப்புறம் எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொன்னா யார் நம்புவா? நீங்க ஒருத்தர்தான் நம்புவீங்க. நீங்களும் பேசலை."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். நேரம் முடிந்ததும் இறங்கிப் போனாள். அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று அம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

கிளட்ச் அக்கா முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனாள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டரும் அவளிடம் கற்றவர். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, வண்டிய நிறுத்தாதவனத்தான் நாங்க பிடிப்போம். நிறுத்தினேன்னு வந்து நிக்கறீங்களே, உங்கள என்ன பண்றது? வீட்டுக்குப் போங்க. கேஸ் முடிஞ்சு போச்சு."

அங்கிருந்து நேராகப் பூட்டுக்காரரின் பெட்டிக்கடைக்கு வந்தாள். அவர் ஒரு சாவியை இடுக்கியில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னாள். நாயிலிருந்து ஆரம்பித்து, சாவு வீட்டில் சொன்ன பொய் வரைக்கும். அவர் ராவுவதை நிறுத்தவில்லை.

"அப்ப அவ பாத்துதான் வந்தாளா?"

"பாத்துதாண்ணே வந்திருப்பாங்க."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "தெனம் காலையில அவ போட்டோ முன்னால நின்னு திட்டிட்டுத்தான் கடைக்கு வரேன். திட்டறது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலா இருந்துச்சு. அவ கூடச் சண்டை போட்ட மாதிரி. அதையும் நீ பிடுங்கிட்ட."

"என்னைத் திட்டுங்கண்ணே."

"உன்னத் திட்டி என்ன பண்றது? காலையில சந்துல நீ எதிர்த்தாப்ல வருவ. சாயங்காலம் திரும்பி வருவ. ஒரு நாள் திட்டலாம், ரெண்டு நாள் திட்டலாம்." சாவியைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உனக்கு மனசு தாங்கலை, கொண்டாந்து இங்க இறக்கி வச்சுட்ட. நான் எங்க கொண்டு போய் வைக்க?"

அவர் சாவியை ஆணியில் மாட்டினார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன், பயப்படாத. சொல்லத்தான் யாரு இருக்கா? போலீஸ்காரருக்கு நீ கத்துக்குடுத்திருக்க. டாக்டர்கிட்ட எல்லாரும் வாயத் தொறந்துதான் ஆகணும். போ தங்கச்சி. எனக்கு வேலை கிடக்கு."

அவள் வேலையை விட்டுவிட நினைத்தாள். கேட்டுப் பார்த்த இடங்களில் எல்லாம், "உங்களுக்கென்னக்கா, அந்த வேலை ராஜா மாதிரி வேலையாச்சே," என்றார்கள். துணிக்கடையில் முப்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டக் கேட்டதற்கு, பொம்பளைக்கு அது சரிப்படாது என்றார் அங்கிருந்தவர். அப்பாவின் பெயரைச் சொன்னாள். அவருக்கு அப்பாவை ஞாபகமில்லை. மறுபடியும் அதே கார், அதே சீட்.

ஒன்று மட்டும் செய்தாள். டெஸ்ட் நாட்களில் கால் இரண்டையும் மடக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கால் துடித்தாலும் இறக்கவில்லை. அவள் கூட்டிப் போனவர்கள் வரிசையாகத் தோற்றார்கள். ஒரு தடவை ஓரக்கல்லில் இடித்துக் காரின் முன்விளக்கு உடைந்தது. முதலாளி மேஜையில் தட்டினார்.

"என்னம்மா நினைச்சிட்டிருக்க? காலை மடக்கி உக்காந்துக்க இது என்ன உங்க வீட்டுக் கூடமா?"

"ஓட்டத் தெரிஞ்சவங்க பாஸாகட்டும் சார்."

"நீ பாடம் எடு, போதும். டெஸ்ட்டுக்கு நான் வேற ஆளை அனுப்பிக்கறேன்."

மச்சினனின் ஸ்கூலிலிருந்து ஓர் ஆள் வந்தார். அமைதியானவர், கால் நீளம். அவர் போக ஆரம்பித்ததும் எல்லாரும் பாஸானார்கள். பயிற்சி போதாது, இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தவர்களும் லைசென்ஸோடு ஸ்வீட் டப்பா கொண்டுவந்து நீட்டினார்கள். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வேறென்ன செய்வது?

பூட்டுக்காரர் கடையையும் வீட்டையும் ஊரின் மறுமுனைக்கு மாற்றிக்கொண்டார். ஆனால் மறுமுனை எவ்வளவு தூரம்? வகுப்புக் கார் அந்தப் பக்கமும் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் ஒரு கல்லூரிப் பெண் ஓட்டிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் நடந்து வந்த பூட்டுக்காரர் காரைப் பார்த்தார். உடனே சாலையை விட்டு இறங்கி, ஒரு வீட்டுச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். கார் வர இன்னும் வெகு நேரம் இருந்தது. அது வந்து, கடந்து, வளைவில் திரும்பும் வரைக்கும் அவர் அசையவில்லை.

"யாருக்கா அவரு? எதுக்கு அப்படி ஒதுங்கி நிக்கறாரு? நான் நடுவுலதானே போறேன்?"

"தெரிஞ்சவர்தான்," என்றாள் அவள். "நீ ரோட்டைப் பாரு."