மண்ணாக விட்ட இடம்

சவுரியம்மாளை எனக்கு விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்து ஓட்டலில் பழக்கம். அவள் பின்கட்டில் காய் நறுக்குவாள், நான் கல்லாவில் உட்காருவேன். வாய் திறந்து எதையும் கேட்கத் தெரியாதவள். டீ ஆறிப்போயிருந்தால் அதையே குடித்துவிட்டுப் போவாள். இதற்காகவே அவளை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

அவள் கணவர் அந்தோணிசாமிக்கு சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டுக் கொடுப்பவர். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு பெரிய வீட்டின் மேல்தளத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் துணி சுற்றிய உடம்பாகத்தான் இவள் பார்த்தாள். அடக்கம் முடிந்ததும் விழுந்த இடத்தைப் பார்க்கப் போனாள். கேட்டைத் திறக்கவில்லை. பொழுது சாயும்வரை நின்றுவிட்டு பஸ் ஏறினாள்.

விபத்தில் செத்தவர் விழுந்த இடத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிச் செபம் சொன்னால்தான் அந்த ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி கிடைக்கும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். ரோட்டோரத்தில் அப்படி எரிவதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் கல்லறையில் ஏற்றிவிட்டு வந்து, அந்த இடத்தில் ஏற்றவில்லையே என்று அழுவாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் அழுவதைப் பார்க்க முடியாது.

போன மாசம் என் போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஆர்க்கிடெக்ட்கள் சேர்ந்து, தாங்கள் கட்டிய வீடுகளை ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்களாம், யார் வேண்டுமானாலும் வரலாமாம். வேடிக்கைக்கு அவளிடம் காட்டினேன். ஒரு படத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. அதுதான் அந்த கேட் என்றாள். தனியாக உள்ளே போகக் கூச்சமாக இருக்கிறது, நீயும் வா என்று கூப்பிட்டாள். அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

கேட் விரியத் திறந்திருந்தது. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கூட்டத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தோம். வீட்டை வடிவமைத்த ஆர்த்தி என்கிற பெண் சுற்றிக் காட்டினாள். பூசாத செங்கல் சுவர், சிவப்புத் தரை, மேலிருந்து வெளிச்சம் விழும் கூடம். கூடத்தின் நடுவில் மட்டும் தரை போடாமல் மண்ணை விட்டு, ஒரு நந்தியாவட்டைச் செடி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளும் மண் மூச்சு விட வேண்டும் என்று ஆர்த்தி விளக்கம் சொன்னாள். ஆளாளுக்கு அதைப் படம் எடுத்தார்கள்.

சவுரியம்மாள் அண்ணாந்து மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய் திறந்தாள்.

"யம்மா, வேல நடக்கச்சே மேலேர்ந்து ஒருத்தரு வுழுந்துட்டாரே, அது எந்த எடம்?"

வீட்டுக்காரர் வேங்கடேசன் ஒரு ஓரமாக நின்றிருந்தார். நிலபுலன் உள்ள மனிதர். அவர் கண் அந்தச் செடிக்குப் போனது. ஆர்த்தியும் அவரைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள்.

"இதாம்மா. இங்க மாடிப்படி வர வேண்டியது. அவர் செத்த எடத்துல யார் காலும் படக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. அதனாலதான் மண்ணாவே வுட்டோம்."

மாடிப்படியையே தள்ளி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, விக்கிரவாண்டி வரை வந்து இவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. தோஷத்துக்குப் பயந்தார்களோ, மனசு கேட்காமல் செய்தார்களோ, இரண்டும்தானோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

சவுரியம்மாள் பையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்தாள். "நான் அவரு பொஞ்சாதிங்க ஐயா. இத ஏத்திட்டுப் போயிடறேன்" என்றாள். வேங்கடேசன் தலையை மட்டும் அசைத்தார். அவள் செடியின் அடியில் ஏற்றிவைத்து, முழங்காலிட்டு, உதடு அசையச் செபம் சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் போனை இறக்கிக்கொண்டார்கள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

நாங்கள் கிளம்பும்போது அடுத்த கூட்டம் உள்ளே வந்துவிட்டது. வீட்டுக்குள் எதற்கு மெழுகுவத்தி என்று ஒருவர் கேட்டார். ஆர்த்தி, இந்த வீட்டில் வேலை செய்த அந்தோணிசாமி என்பவர் விழுந்து இறந்த இடம் இது என்றாள். பெயர் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

வாசல் வரை போன சவுரியம்மாள் திரும்பி வந்தாள்.

"சும்மா வேல செய்யலம்மா. ஒங்க தலைக்கு மேல இருக்குதே, அந்தத் தளத்துக்கு முட்டுக் குடுத்தது அவருதான். அதயும் சொல்லு" என்றாள்.

ஆர்த்தி அதையும் சொன்னாள். எல்லோரும் மேலே பார்த்தார்கள்.