பெண்கள்: ஒன்று

சங்கீதா தீவை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் படகில். கம்பெனி அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்தவள். ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வழியனுப்பப் படகுத்துறையில் நூறு ஆண்களாவது நின்றார்களாம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தீவில் வியாழக்கிழமை மாலைக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. படகு நகர்ந்ததும் கூட்டம் மொத்தமும் திரும்பி, கைக்குட்டையோடு நின்ற நர்ஸ் ஷிஜியைப் பார்த்தது. அந்த நிமிடத்திலிருந்து தீவின் பெண் மக்கள்தொகை அவள் ஒருத்திதான்.

இதை நான் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் அங்கே போய் இறங்கினேன். அபுதாபியிலிருந்து மேற்கே நெடுந்தூரம் காரில் போய், பிறகு படகு ஏற வேண்டும். தீவின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்த பிறகு ஓட்டலும் வரும் என்றார்கள். தண்ணீர் ஆலையும் கழிவுநீர்க் குழாயும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய, தீவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு தேவைப்பட்டது. அதை எடுத்துத் தருவது என் வேலை. மூன்று மாத ஒப்பந்தம்.

எளிமையான மக்கள்தொகைதான். ஆண்கள் ஆயிரத்துச் சொச்சம். இருபதுக்குக் கீழே யாரும் இல்லை, அறுபதுக்கு மேலே யாரும் இல்லை. பிறப்பு இல்லை. இறப்பும் இல்லை, ஏனென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை உடனே ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு நடப்பது கரையின் கணக்கில் சேரும். பெரும்பாலோர் கல்யாணமானவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். ஆனால் குடும்பத்தைக் கூட்டிவராததால் வளைகுடா வழக்கப்படி அத்தனை பேரும் பேச்சுலர்.

கேம்ப் பாஸ் செய்கு அலாவுதீன் கீழக்கரைக்காரர். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“வாங்க தங்கச்சி, வாங்க. நீங்க வந்தது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா?”

“நான் வெறும் சர்வே எடுக்க வந்தவ, பாய்.”

“சர்வே கிடக்கட்டும். லேடீஸ் பிளாக்குல ஒத்தப் பொம்பளை தங்கப்படாதுன்னு ரூலு. கூட இன்னொண்ணு இருக்கணும். இல்லாட்டி ஷிஜி சிஸ்டரைக் கரைக்கு மாத்திட்டு ஆம்பளை நர்சைப் போடச் சொல்லி மேல இருந்து நச்சரிக்கிறாங்க.”

“எனக்கு மூணு மாசம்தான் கான்ட்ராக்ட்.”

“மூணு மாசம் நிம்மதின்னு வச்சுக்கிருவோம்.”

பதினெட்டு அறைகள் கொண்ட லேடீஸ் பிளாக்கில் நானும் ஷிஜியும் இருந்தோம். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். பெண்கள் போய்விட்டாலும் பெண்களுக்கான விதிகள் போகவில்லை. படகில் லேடீஸ் கேபின் இருந்தது. கிளினிக்கில் லேடீஸ் பெஞ்சு இருந்தது. தீவின் ஒரே கடையான லுக்மானின் கிராசரி புதன்கிழமை தோறும் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் திறந்திருக்கும். ஆண்கள் வெளியே வெயிலில் வரிசையாக நிற்க, ஷிஜி உள்ளே போய் ஒரு கிலோ வெங்காயம் வாங்குவாள். முதல் புதன்கிழமை நானும் போனேன். ஐந்து நிமிடத்தில் வாங்கி முடித்தோம். நான் கிளம்பினேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நில்லு மக்ளே. இத்தன பேரு நமக்காக வெயில்ல நிக்காங்க. நாம சட்டுனு எறங்கிப் போனா அவங்களுக்கு ஒரு இது இருக்காதா?”

பிஸ்கட் பாக்கெட்டுகளின் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டு இன்னும் கால் மணி நேரம் நின்றோம்.

ஆட்களிடம் கேள்வி கேட்க வசதியான இடம் கிளினிக்தான். டோக்கன் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பேசுவதற்கும் ஆசை இருக்கும். அங்கேதான் ரெனீஷைப் பார்த்தேன். கம்ப்ரெசர் மெக்கானிக், பாறை மாதிரி உடம்பு. முதல் வாரம் மூன்று முறை டோக்கனோடு வந்தார். இரண்டாவது வாரமும் அப்படியே. அவர் உள்ளே போனதும் வரிசையில் அடுத்திருப்பவர்கள் யாரும் சொல்லாமலேயே எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

என் கணக்கெடுப்பில் அவர் முறை வந்தபோது கேட்டேன். பெயர், வயது, மாவட்டம் எல்லாம் சொன்னார். “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டதற்கு மட்டும் யோசித்தார்.

“கம்பெனியில சொன்னதச் சொல்லணுமா, கோயில்ல சொன்னதச் சொல்லணுமா?”

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டேன்.

அன்று மாலை ஷிஜியிடம் கேட்டேன், அவருக்கு என்ன வியாதி என்று.

“அவியளுக்கு ஒரு வியாதியும் இல்ல. எனக்க மாப்பிள்ளையாக்கும்.”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். கல்யாணமான மாதமே அவள் சவூதிக்குப் போனாள், அவர் கத்தாருக்குப் போனார். அவளுக்கு லீவு கிடைத்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை, அவருக்குக் கிடைத்தபோது அவளுக்குக் கிடைக்கவில்லை. பிறகு மார்த்தாண்டத்தில் ஓர் ஏஜெண்ட், ஒரே கம்பெனியில், ஒரே தீவில் இருவருக்கும் வேலை இருப்பதாகச் சொன்னார். ஒரு சிக்கல்தான். அந்தக் கம்பெனி புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து எடுக்காது. இரண்டு பேரும் கல்யாணமாகாதவர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்கள்.

ஆகவே அவர் ஆண்கள் கேம்ப்பில் ஆறு பேரோடு ஓர் அறையில். அவள் லேடீஸ் பிளாக்கில். வாரம் மூன்று முறை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் அவருக்கு பிரஷர் பார்ப்பாள். அவர்களுடைய பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு அடிக்கடி சந்தித்தது இங்கேதான். தீவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், அலாவுதீன் பாய் உட்பட. ஃபைலுக்குத் தெரியாததால் பாய்க்கும் தெரியாது.

“கரைக்குப் போனா மறுபடி போன்லதான்” என்றாள் ஷிஜி. “இது போதும் மக்ளே. நான் வேற ஒண்ணும் கேக்கல்ல.”

இரண்டாவது மாதம் பிறந்தது. சலவைக்கு ஒரு பெண்ணை எடுக்கலாமே என்று பாய் மேலே எழுதினார். சலவை ஒழுங்காக நடப்பதாகப் பதில் வந்தது. என் ஒப்பந்தத்தை நீட்ட முடியுமா என்று கேட்டார். எண்ண வேண்டியவர்களையெல்லாம் எண்ணியாயிற்றே என்றார்கள். கடைசியில் ஒரு மத்தியானம் பாயே கிளினிக்குக்கு வந்து, டோக்கனோடு உட்கார்ந்திருந்த ரெனீஷையும் உள்ளே கூப்பிட்டார்.

“சிஸ்டர், ஒரு வழி இருக்கு. நர்ஸ் வேலையில இருக்கிறவங்க புருஷனை ஸ்பான்சர் பண்ணலாம். கூடப் புருஷன் இருந்தா ஒத்தப் பொம்பளைங்கிற பேச்சே வராது.”

“புருசன் இங்கதான இருக்கேன்” என்றார் ரெனீஷ்.

“நீங்க மெக்கானிக்கா இருக்கீங்க. புருஷனா இல்ல. வேலையைக் கேன்சல் பண்ணிட்டு, ஊருக்குப் போயிட்டு, அவங்க விசாவுல டிபெண்டன்ட்டா வரணும்.”

“வந்து?”

“வந்து வீட்டுல இருக்கணும். வேலை மாஃபி, கிடையாது. வீட்டுக்காரி மாதிரின்னு வச்சுக்கங்களேன்.”

ரெனீஷ் சிரிக்கவில்லை. “பொய் எழுதினதுக்கு ரெண்டு பேரையும் தூக்கினா?”

“தூக்கவும் செய்யலாம். அதை நான் மறைக்கல.”

ஷிஜி பிரஷர் பார்க்கும் கருவியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “ஒங்களுக்கு மனசில்லன்னா வேண்டாம். நான் கரைக்குப் போறேன். லீவுக்கு லீவு பாப்போம்.”

“லீவுக்கு லீவு பாத்து கிழிச்சோம் பன்னெண்டு வருசம்” என்றார் அவர். “எழுதுட்டீ. நான் சோறு பொங்குகேன். நீ பொங்குகத விட நல்லாத்தான் இருக்கும்.”

கல்யாணமான விஷயத்தை அவள் மேலிடத்துக்கு எழுதினாள். ஊர்ச் சர்ச்சின் பங்குச் சாமியாரிடமிருந்து கல்யாணச் சான்றிதழ் வந்தது. மேலிடம் இருவருக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. பன்னிரண்டு வருடத் தம்பதியை உடனே ஒத்துக்கொண்டது. நர்ஸ் கிடைப்பது கஷ்டம், மெக்கானிக் கிடைப்பது சுலபம் என்பதும் அதற்கு உதவியது. ரெனீஷ் ஊருக்குப் போய் மூன்றாவது வாரம் திரும்பி வந்தார், படகின் ஃபேமிலி கேபினில். லேடீஸ் பிளாக்கின் பலகையை எடுத்துவிட்டு ஃபேமிலி பிளாக் என்று மாட்டினார்கள். என் அறிக்கையில் ஆண்களில் ஒன்றைக் கழித்து மறுபடி ஒன்றைக் கூட்டினேன்.

கடைசி பத்து நாள் அவர்களுக்கு அடுத்த அறையில் இருந்தேன். தினமும் காலையில் மீன் குழம்பு வாசனை வரும். சுவருக்கு அந்தப் பக்கம் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள், அவள் டியூட்டிக்குப் போகும்வரை. புதன்கிழமை அவரும் கடைக்குள் வந்தார். வெளியே வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“மச்சான், சாந்துப்பொட்டு கேட்டு வாங்கு!”

“ஒனக்கும் சேத்து வாங்கியாச்சு லேய்!” என்று இவர் திருப்பிக் கத்தினார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

மத்தியானங்களில் கம்ப்ரெசர் ஷெட் வேலிக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் வாட்ச்மேன் வந்து, “சார், ஃபேமிலிவாலா இங்க நிக்கக் கூடாது” என்று மரியாதையாகச் சொன்னார். ரெனீஷ் கடற்கரைப் பக்கம் நடந்து போனார். ஷிஜிக்கு அதை யார் சொன்னார்களோ, அன்று அவள் சீக்கிரமே அறைக்கு வந்துவிட்டாள்.

நான் கிளம்பினேன். திபிலிசி, அல்மாட்டி, அப்புறம் கொஞ்ச காலம் சான்சிபார். ஒன்றரை வருடம் கழித்து, மறுபடி வளைகுடாவில், ரோலாவில் அம்மாவின் ஃபிளாட்டில் பெட்டியைப் பிரிக்காமல் போட்டுவைத்திருந்த ஒரு நாளில் ஷிஜியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் யாரோ பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“மக்ளே, சுகமா இருக்கியா? ஓட்டலு தொறந்தாச்சு. இங்க இப்போ பொண்ணுங்க நாப்பது பேருக்கு மேல. என்னைய இனி யாரும் கரைக்கு மாத்த மாட்டாங்க, பாயும் சொன்னாரு. அவிய போன மாசம் பஹ்ரைனுக்குப் போயிட்டாவ. போட்டு எஞ்சின் வேல. குதைபியாவுல ரூமு. நான்தான் போகச் சொன்னேன். ஒரு வருசம் இருந்து பாத்தாவ, பாவம். எனக்கு டியூட்டி முடியுகது வர வாசல்லயே இருப்பாவ. ஒரு வார்த்த கொறை சொல்லல்ல. அதத்தான் என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல்ல. இப்போ தெனம் போன்ல பேசுகாவ, நல்லாப் பேசுகாவ. அவியளுக்கு டிசம்பர்ல லீவு. நானும் டிசம்பர் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். இன்னும் பதில் வரல்ல.”