எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னிய மச்சாள்

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது கண்ணில் பட்டால் சந்திரவதனாவுக்குக் கை துருதுருக்கும். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, பிள்ளை பிறக்கும் முன்னரே ஒரு தொப்பியும் சட்டையும் அந்த வீட்டுக்குப் போய்விடும். வெள்ளை, வெளிர்நீலமெல்லாம் அவளுக்கு ஆகாது. கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள் என்று கண்ணைப் பறிக்க வேண்டும். டென்மார்க்கில் வளர்ந்தவள், அங்கே பள்ளிக்கூடத்தில் பழகிய பின்னல். லண்டனுக்கு வந்து, ஒரு நகரக் கவுன்சிலில் தொலைபேசியில் முறைப்பாடு கேட்கும் வேலை எடுத்து, கல்யாணம் வேண்டாமென்று தம்பி தர்சிகனின் வீட்டு மேல்மாடியில் குடியேறிய பிறகும் ஊசியை அவள் கீழே வைக்கவில்லை.

அப்படிப்பட்டவள், தம்பியின் மனைவி மேனுஷாவுக்கு ஏழு மாதமாகியும், அந்த வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு கண்ணிகூடப் போடவில்லை. வீட்டில் எல்லோரும் கவனித்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு முறை கலைந்த பிறகு தங்கிய பிள்ளை அது. அதைப் பற்றி வாய் திறக்கவே அந்த வீட்டில் பயம். பயத்தைப் பொறுமை என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் நல்லவர்களாக நடமாடினார்கள்.

வசந்தம் வந்தால் சஃபோக் பக்கம் ஒரு பண்ணை மைதானத்தில் நூல் திருவிழா நடக்கும். சந்திரவதனாவின் பின்னல் கூட்டம் கோச் பஸ் பிடித்துப் போகும். இந்தமுறை, "நானும் வாறன் மச்சாள்" என்று மேனுஷா வெளிக்கிட்டு வந்து நின்றாள். மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை.

கொட்டகை கொட்டகையாக நூல். ஆட்டைத் தடவிப் பார்க்க ஒரு வரிசை, நூலைத் தடவிப் பார்க்க அதைவிட நீண்ட வரிசை. பேரப்பிள்ளை கண்ட பெண்களெல்லாம் நூல்கட்டைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். வேறு நாளென்றால் சந்திரவதனாவும் அந்தக் கூத்தில் சேர்ந்திருப்பாள். அன்று அவள் பார்வை மேனுஷாவின் கையை விட்டு அசையவில்லை. எந்த நூலைத் தொடப்போகிறாளோ என்று பின்னாலேயே ஒட்டி நடந்தாள்.

தொட்டுவிட்டாள். குட்டி ஆட்டுக் கம்பளி, கொன்றைப்பூ மஞ்சள்.

"இது பிள்ளைக்கு நல்லாயிருக்கும், என்ன மச்சாள்?"

சந்திரவதனா அதை வாங்கித் திரும்ப மேசையில் வைத்தாள். "பிறக்க முதல் உடுப்புத் தேடக்கூடாது மேனுஷா."

"முன்வீட்டுத் துஷ்யாவின்ரை பிள்ளைக்கு ஏழு மாசத்திலையே குடுத்தனீங்கள்."

"அது வேறை."

"என்ன வேறை?" மேனுஷாவின் குரல் தணிந்துதான் இருந்தது. "அவளின்ரை பிள்ளை பிறக்கும் எண்டு நம்பினீங்கள். என்ரை பிள்ளை பிறக்காது எண்டு நினைக்கிறீங்கள். அதுதான் மினக்கெட விருப்பமில்லை."

கவுன்சில் தொலைபேசியில் எந்தச் சண்டைக்காரனுக்கும் பதில் வைத்திருப்பவள், மேசையிலிருந்த நூல்கட்டுகளை நேராக்கி அடுக்கத் தொடங்கினாள். நூல் விற்கும் பெண் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது மேனுஷா கோச்சின் பின்பக்கம் போய்த் தனியே உட்கார்ந்தாள். சந்திரவதனா முன்னால் இருந்து தவித்தாள். உண்மையைச் சொன்னால் தன் பயம் அவளுக்கும் தொற்றும். சொல்லாவிட்டால், தன் பிள்ளையை வேண்டாத மச்சாள் என்று மேனுஷா காலம் முழுக்க வெறுப்பாள். இரண்டில் எது பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வழியில் தேநீருக்கு நிறுத்தியபோது எல்லோரும் இறங்கினார்கள். மேனுஷா இறங்கவில்லை. சந்திரவதனா எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பின்னினனான்," என்றாள். "முதல் தரம் தொப்பி. பிள்ளை தங்கினதைத் தம்பி எனக்கு முந்தியே சொல்லிப்போட்டான். பின்னி முடிச்ச கிழமை பிள்ளை போயிட்டுது. ரண்டாந்தரம் சட்டை. ஒரு கை இன்னும் பின்ன இருக்கேக்கை அதுவும் போயிட்டுது."

மேனுஷா திரும்பிப் பார்த்தாள்.

"என்ரை கையிலை ஏதோ இருக்கு. மற்றவையின்ரை பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கேல்லை, உம்மடை பிள்ளையளுக்குத்தான். விசர்க்கதை எண்டு தெரியும். தெரிஞ்சும் ஊசியைத் தொட ஏலாமல் கிடக்கு."

இனித் திட்டினாலும் திட்டட்டும் என்று மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பி என்ன நிறம்?" என்று மேனுஷா கேட்டாள்.

"பச்சை. சட்டை செம்மஞ்சள்."

"எறிஞ்சுபோட்டீங்களே?"

"எப்பிடி எறியிறது? அலுமாரியிலை கிடக்கு."

மேனுஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பயந்துபோன சந்திரவதனா அவளுடைய தோளைப் பிடித்தாள்.

"அப்ப அதுகளுக்கும் உடுப்பு இருந்திருக்கு," என்றாள் மேனுஷா. "வீட்டிலை ஒருத்தரும் அதுகளைப் பிள்ளை எண்டு சொல்லேல்லை மச்சாள். இவர்கூடச் சொல்லேல்லை. நான் ஒருத்திதான் அப்பிடி நினைச்சுக்கொண்டு இருக்கிறன் எண்டு இருந்தன்."

சந்திரவதனாவுக்கும் கண் நிறைந்தது. தேநீர்க் கோப்பைகளோடு மற்றப் பெண்கள் ஏறத் தொடங்கினார்கள். அவள் எழும்பப் பார்த்தபோது மேனுஷா கையைப் பிடித்து இருத்தினாள்.

"இந்தப் பிள்ளைக்கு இப்ப ஒண்டும் வேண்டாம். பிறக்கட்டும்," என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தச் செம்மஞ்சள் நூல் மிச்சம் இருக்கோ?"

"ஓம்."

"அப்ப வீட்டை போய் மற்றக் கையையும் பின்னி முடியுங்கோ."