அக்காவுக்கு நான் கொடுத்த இந்துப்பு

பணி ஓய்வு பெற்ற அடுத்த மாதமே நான் ஊருக்கெல்லாம் வைத்தியனாகிவிட்டேன். திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன். அந்த முப்பது வருடத்தில் ஒரு பிள்ளைகூட வந்து ‘நல்லா நடத்துனீங்க சார்’ என்று சொன்னதில்லை. மலைக்கோட்டையைச் சுற்றிக் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஒருநாள் செம்புப் பாத்திரத்துத் தண்ணீரைப் பற்றி நாலு வரி போட்டேன். அரை மணி நேரத்தில் இருபது கும்பிடு வந்து விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு தினமும் ஒரு பரிந்துரை. கிழக்கே பார்த்து மூச்சு விடுவது, வெறுங்காலோடு புல்லில் நிற்பது, ஜெபமாலை சொல்லும்போது உடம்பில் எழுகிற அதிர்வு என்று எதையும் விடவில்லை. வகுப்பில் ‘ஆற்றல்’ என்று எழுதிவிட்டு அலகு எழுதாமல் வந்தவனை முட்டி போட வைத்தவன் நான். குழுவில் அதே சொல்லை அலகும் இல்லாமல் அளவும் இல்லாமல் அள்ளி விட்டேன். பிரபஞ்ச ஆற்றல், உணவின் ஆற்றல், மௌனத்தின் ஆற்றல். எத்தனை ஜூல் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன்.

எல்லாமே தப்பு என்று சொல்லமாட்டேன். காலையில் நடங்கள், இருட்டுவதற்குள் சாப்பிடுங்கள், ஆளில்லாத நேரத்தில் கோவிலில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று எழுதியதை இன்றும் சொல்வேன். குடியைக் கெடுத்தது இந்துப்பு.

என் அக்கா அகரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் மகன், மருமகளோடு இருக்கிறாள். மல்லிகைத் தோட்டம் உண்டு. எனக்குப் பத்து வயது மூத்தவள். அவளுக்குப் பிரஷர் வந்து பல வருடமாகிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். அத்தான் இறந்ததிலிருந்து அவளுக்கு ஒரு நேர்ச்சை. விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை நாற்பது நாளும் அவள் தட்டில் உப்பு விழாது. மற்றவர்கள் கறியை விடுவார்கள், சிலர் டீயை விடுவார்கள். இவள் உப்பை விட்டாள். அவளுக்குப் பிரஷர் பார்க்கும் டாக்டரம்மாகூட ‘ஒங்களுக்கு வருசம் பூரா தவக்காலமா இருந்தா நல்லதும்மா’ என்று சிரித்திருக்கிறார்.

போன வருடம் தவக்காலத்துக்கு முதல் நாள் அவளைப் பார்க்கப் போனேன். பஸ் ஸ்டாண்டு அருகே இயற்கை அங்காடியில் வாங்கிய இந்துப்பு பாக்கெட் ஒன்றைக் கையில் கொண்டுபோனேன். உப்பில்லாத கஞ்சியை அவள் முகம் சுளிக்காமல் குடிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அது உண்மை. இருபது கும்பிடு வாங்கிய திமிர் என்பதும் உண்மை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

அக்கா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏலே, இது இந்து உப்பா? நாம சாப்பிடலாமா?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “உப்புக்கு ஏதுக்கா மதம்? அது பேரு அப்படி. மலையில வெட்டி எடுக்குறது.”

“பிரஷருக்கு?”

“இது ஒண்ணும் பண்ணாது. இது வேற உப்பு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப என் நேர்ச்சை, ஒறுத்தலு? அது ஒடஞ்சிராதா?”

“கடையில விக்கிற உப்பத்தானக்கா விட்ட? இது உப்புக் கணக்குலயே வராது.”

“நீ சயின்ஸ் வாத்தியாரு. நீ சொன்னாச் சரிதான்.”

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே ‘இந்து உப்பா’ கதையைக் குழுவில் போட்டேன். சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன.

உப்பு இல்லை என்று ஆகிவிட்ட பிறகு அதற்கு அளவு எதற்கு? அக்கா அந்த உப்பில் மோர்மிளகாய் போட்டாள், நார்த்தங்காய் ஊறப்போட்டாள். வெறும் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடைத்த சந்தோஷம். மூன்றாவது வாரம் மருமகள் போன் செய்தாள். “அத்தை அந்த உப்ப அள்ளி அள்ளிப் போடுறாங்க. தலை வேற கிறுகிறுன்னு வருதுங்கிறாங்க. பரவாயில்லையா?” நான் அப்போது குழுவில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். அது வேற உப்பு, சேர்க்கட்டும் என்றேன். தலை சுற்றலுக்கு, காலையில் பத்து முறை மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்னேன்.

அந்த ஒரு போன்தான் இன்றுவரை என் காதில் இருக்கிறது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு அன்று மருமகள் மறுபடி அழைத்தாள். “அத்தைக்கு வாய் கோணிருச்சு, வலது கை தூக்க வரல.” திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் போனபோது அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கையில் பிடித்துக்கொண்டு வந்த குருத்தோலைச் சிலுவை தலைமாட்டில் கிடந்தது. டாக்டர் சின்ன வயதுக்காரர், வெளியூர். உப்பைப் பற்றி விசாரித்தார். மருமகள் ஒளிக்காமல் சொன்னாள்.

“இந்துப்பும் உப்புதாங்க ஐயா,” என்று அவர் என் பக்கம் திரும்பினார். “சோடியம்னு ஒண்ணு இருக்குங்க. சாதா உப்புலயும் அதுதான், இதுலயும் அதுதான். நிறந்தான் வேற.” எனக்குப் புரியவேண்டுமே என்று விரலை மடக்கி மடக்கி, பொறுமையாக விளக்கினார். நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தலையாட்டினேன். உப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, வயதும் இருக்கிறது என்றும் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கவும் பார்த்தேன். பிறகு அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“ஐயா என்ன வேலை பாத்தீங்க?”

“வாத்தியார்.”

“என்ன பாடம்ங்க?”

“தமிழ்,” என்றேன்.

மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். கை முழுசாகத் திரும்பவில்லை, பூத்தொடுக்க வராது. பேச்சு குழறுகிறது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கோணல் வாயாலேயே என்னைக் காட்டி, “என் தம்பி. சயின்ஸ் வாத்தியாரு” என்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

குழுவில் என் தப்பை எழுத எனக்குப் பல மாதம் ஆயிற்று. எழுதுவேன், அழிப்பேன். கடைசியில் போட்டேன். இந்துப்பும் அதே உப்புதான், நான் சொன்னது தவறு, பிரஷர் உள்ளவர்கள் நம்பவேண்டாம் என்று. பத்து நிமிடத்தில் கும்பிடுகள் வந்தன. ‘அருமையான தகவல் சார், தொடருங்கள்’ என்று ஒருவர். படித்தாரா என்பதே சந்தேகம். அன்றோடு அந்தக் குழுவை விட்டு வந்துவிட்டேன்.

அக்காவிடம் சொல்வதுதான் பாக்கி இருந்தது. இந்த வருடம் விபூதிப் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு அவள் வீட்டுக்குப் போனேன். மருமகள் தோட்டத்துக்குப் போயிருந்தாள். அக்கா இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அக்கா, அது வேற உப்பு இல்ல. அதே உப்புதான். எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சேதான் ஒங்கிட்ட அப்படிச் சொன்னேன்.”

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

“ஒனக்கு எப்படிலே தெரியும்?” என்றாள், ஒவ்வொரு சொல்லாக இழுத்து. “நீதான் தமிழ் வாத்தியாராச்சே.”

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடித்தான் படுத்திருந்தாள், தூங்கவில்லை. நான் ‘தமிழ்’ என்று சொன்னதைக் கேட்ட பிறகும் ஒரு வருடமாக, வந்தவர் போனவரிடமெல்லாம் என்னைச் சயின்ஸ் வாத்தியார் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.