வியாகுலத்தின் சுளுக்கு

அடைக்கலசாமிக்குக் கால்பந்து என்றால் உயிர். அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேரில் படகுப் பட்டறையில் அவனுக்கு வேலை. சாயங்காலமானால் பட்டறை அணிக்கு இடது ஓரத்தில் ஆட்டம். அப்பேர்ப்பட்டவனுக்கு மழைநாள் ஆட்டம் ஒன்றில் இடது கணுக்கால் முறிந்து தொலைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், எலும்பு கூடிவிட்டது, அதை இழுத்துப் பிடிக்கும் தசைநார்தான் இன்னும் இறுகவில்லை, அதற்கு எலும்பைவிட நாளாகும் என்றார். தினமும் இடுப்பளவு கடல்நீரில் நடக்கவேண்டும். அந்த ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்கும்வரை பந்தைத் தொடக்கூடாது.

தொடாமல்தான் இருந்தான். அதற்குள் அவன் இடத்துக்கு வியாகுலம் வந்துவிட்டான். டெய்ரி ஃபார்ம் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரன், நேற்றுவரை பந்து பொறுக்கிப் போட்டவன்! அவன் கோல் போட்ட கதையை அபர்டீன் பஜாரே பேசியபோது அடைக்கலத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. மெட்ராஸில் போட்டி, அணி கப்பல் ஏறப்போகிறது என்றதும் சோறே இறங்கவில்லை. மனைவி ரோசலின் வியாகுலத்தின் ஆட்டத்தை ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டாள். குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினான். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கப்பலுக்குச் சில நாளே இருக்கும்போது வியாகுலம் நொண்டிக்கொண்டு வந்தான். பயிற்சியில் கால் பிசகி, கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. அடைக்கலம், கால் முன்னால் வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து குடியேறிய அவர்கள் சனங்களுக்கு அசைக்கமுடியாத நம்பிக்கை.

"அண்ணே, ஒரு மிதி மிதிங்க. ஜல்தி டீக் ஆயிரும், சரியாப் போயிரும்," என்று காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தான் வியாகுலம்.

தானே வந்து மாட்டுகிறானே! ஓங்கி ஒரு மிதி போதும், அணியில் தன் இடம் திரும்பிவிடும். யாரும் குறை சொல்லவும் முடியாது. அடைக்கலம் வலது காலைத் தூக்கினான். தூக்கிய பிறகுதான் உறைத்தது: இடது காலில் தனியாக நிற்கிறான், துளிகூட ஆடவில்லை. எரிச்சல் ஒன்றும் அடங்கிவிடவில்லை. ஆனால் இந்த நார் கூடுவதற்குள் தான் பட்ட பாடெல்லாம் நினைப்புக்கு வந்தது.

காலைத் தரையில் வைத்தான். "மிதிச்சா நார் அறுந்துரும்லே. ஆஸ்பத்திரிக்குப் போ. இப்ப ஆடாத."

வியாகுலம் முறைத்தான். "நான் ஜஹாஜ் ஏறி மெட்ராஸ் போகக்கூடாது. அதானண்ணே?"

ஆஸ்பத்திரியிலும் ஆடக்கூடாது என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அடைக்கலம்தான் மெட்ராஸுக்குக் கிளம்பினான். பொறாமையில் மிதிக்காமல் விட்டுவிட்டான் என்று ஊரே பேசியது. ரோசலின் மட்டும் அதை நம்பாமல், என் புருஷன் அப்படிப்பட்டவனில்லை என்று துறைமுகத்தில் எல்லாரோடும் சண்டைக்கு நின்றாள். காலை எதற்காகத் தூக்கினான் என்று அறியாத அவளை நிமிர்ந்து பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.