கேட்காமல் ஒட்டிய பெயர்கள்

இசைவாணிக்கு தண்டலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை. பாடம் நடத்துகிற வேலை அல்ல. சர்வர் அறை அவள் பொறுப்பு. நெட் போனாலும், ஏசி நின்றாலும், பிரின்சிபால் அறை பிரின்டர் முரண்டு பிடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீடு இருங்காட்டுக்கோட்டையில். கணவர் கோபால் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். இருவரும் ஒரே ஷிஃப்டில் வீட்டில் இருப்பதே அபூர்வம்.

அந்த அறையில் ஒரே ஒரு கணினியை மட்டும் அவள் சம்பளத்துக்காகப் பார்த்துக்கொள்ளவில்லை. அது பொதுச்சாவி சர்வர். மின்னஞ்சலை அடுத்தவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்ப ஒரு வழி உண்டு. அதற்கு ஆளுக்கு இரண்டு சாவி வேண்டும். ஒன்று ரகசியச்சாவி, அது நம்மிடமே இருக்கும். இன்னொன்று பொதுச்சாவி, அதை ஊருக்கே கொடுக்கலாம். அதை வைத்து யார் வேண்டுமானாலும் நமக்கு வரும் கடிதத்தைப் பூட்டலாம். திறக்க நம்மால் மட்டும்தான் முடியும். இப்படிப்பட்ட பொதுச்சாவிகளைப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் போட்டுத் தேடி எடுத்துக்கொள்கிற இடம்தான் அந்த சர்வர். பல ஊர்களில் தன்னார்வலர்கள் இவற்றை நடத்துகிறார்கள். ஒன்றில் ஏறியது தானாகவே மற்றவற்றுக்கும் போய்விடும். ஏறியது இறங்காது. அப்படித்தான் அதை வடிவமைத்திருந்தார்கள்.

அவளை இதில் இழுத்துவிட்டவர் தணிகாசலம். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்து சர்வர்காரர்கள் குழுவை ஆரம்பித்ததும் அவர்தான். அவர்மேல் அவளுக்கு மரியாதை அதிகம்.

ஒரு திங்கட்கிழமை, சர்வர் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பெயர் சந்தனமாரி. சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் வாடகை அறையில் இருந்துகொண்டு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகிறவள். இசைவாணிக்கு அவளைத் தெரியும். தான் நடத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவளுக்குச் சாவி உண்டாக்கி, இதே சர்வரில் ஏற்றிக் கொடுத்ததே இசைவாணிதான்.

அந்தச் சாவிக்கு ஒரு காரணம் இருந்தது. சந்தனமாரி வேலை பார்க்கிற லைனில் ஒரு சூப்பர்வைசர். பெண்களின் இடுப்பில் கை வைக்காமல் அவனுக்கு ஒரு வேலையும் ஓடாது. கம்பெனி விடுதியில் இருக்கிற பெண்கள் நடந்ததை எழுதி, பூட்டி, சந்தனமாரிக்கு அனுப்புவார்கள். அவள் எல்லாவற்றையும் சேர்த்து வக்கீலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் பேர நீங்களே தேடிப் பாருங்க. என் வாயால சொல்ல முடியாது" என்றாள்.

இசைவாணி தேடினாள். அவளுடைய சாவி வந்தது. அதன் கீழே வரிவரியாகப் பெயர்கள் வந்தன, நிற்காமல் வந்தன. ஒருவர் சாவி அவருடையதுதான் என்று மற்றவர்கள் கையெழுத்திடுவது வழக்கம். நம்பிக்கைக்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால் கையெழுத்துப் போடுகிறவன் தன் பெயர் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். சாவிக்காரியிடம் யாரும் கேட்பதில்லை. யாரோ ஒருவன் ஆயிரக்கணக்கில் பொய்ச் சாவி உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தையைப் பெயராக வைத்து, சந்தனமாரியின் சாவியில் கையெழுத்தாக ஒட்டியிருந்தான். அவள் உடம்பைப் பற்றி. அவள் அம்மாவைப் பற்றி. அவளுக்கு என்ன விலை என்று. அந்த வார்த்தைகளை இங்கே எழுத வேண்டியதில்லை. பக்கத்திலேயே அவள் முகவரியில் வேறு சில பொய்ச் சாவிகளும் தொங்கின.

தன் கணினியில், தான் தினமும் தூசி தட்டுகிற இடத்தில் யாரோ வந்து மலம் கழித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது இசைவாணிக்கு.

"பிள்ளைகள்லாம் மெயில் அனுப்ப என் சாவிய எடுத்தா போன் அப்படியே நின்னுருது. அம்புட்டு கனமா ஆக்கி வச்சிருக்கான். ரெண்டு பேரு இதப் படிச்சிட்டு, நமக்கு எதுக்கு வம்புன்னு எழுதுறதயே விட்டுட்டாளுவ. அதுக்குத்தான மேடம் செஞ்சிருக்கான்?"

"அதுக்குத்தான்" என்றாள் இசைவாணி. "மேடம்னு கூப்பிடாத. உக்காரு."

அன்றே அவள் அந்தச் சாவியைத் தன் சர்வரிலிருந்து நீக்கினாள். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் எல்லாம் திரும்ப வந்திருந்தது. அடைத்த சாக்கடை வீட்டுக்குள் எதிர்த்துக்கொண்டு வருவதுபோல, மற்ற சர்வர்கள் இங்கே இல்லாததைக் கண்டு மறுபடி கொண்டுவந்து கொட்டியிருந்தன. மறுபடி நீக்கினாள். மறுபடி வந்தது.

மறுநாள் காலை அவள் அறைக்குள் நுழைந்தபோது சிரிப்புச் சத்தம் கேட்டது. கணினித் துறை விரிவுரையாளர் ஹேமந்த், இன்னும் இரண்டு பேரோடு அவள் திரைக்கு முன்னால் நின்றிருந்தான். ஒருவன் வாசிக்க மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹேமந்த் கையில் போன். திரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்றீங்க ஹேமந்த்?"

"சும்மா மேடம். அட்டாக் எப்படின்னு ஸ்டடி பண்றோம். பசங்களுக்கு கிளாஸ்ல காட்டலாம்னு."

"எடுத்ததெல்லாம் என் கண்ணு முன்னாடி அழிங்க."

"இதுல இன்னா மேடம் கீது? பப்ளிக்ல இருக்கிறதுதான?"

"அழிங்க."

அழித்தான். முகத்தில் இளிப்பு மட்டும் அழியவில்லை. அவர்கள் போன பிறகு இசைவாணி மேசை, விசைப்பலகை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. அன்று இரவு கோபால் அவள் தட்டில் மீன் குழம்பு ஊற்றினார். அவள் தள்ளி வைத்தாள்.

"இன்னா ஆச்சி? ஒடம்பு சரியில்லியா?"

"ஆம்பளைங்களப் பாத்தாலே குமட்டுது."

"என்னையுமா?" என்று கேட்டார் கோபால். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவர் மேலே கேட்காமல் தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

வார இறுதியில் சர்வர்காரர்களின் வீடியோ கூட்டம். இசைவாணி நடந்ததைச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை, யாரும் கோபப்படவும் இல்லை. ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார். தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வருத்தமாத்தாம்மா கீது. ஆனா இன்னிக்கு ஒண்ண அழிச்சா, நாளைக்கு கவர்மென்ட் வந்து இன்னொண்ண அழின்னும். யாரு மெரட்டுனாலும் அழிக்க முடியாதுன்றதுக்குத்தான் இத இப்படிச் செஞ்சது. பொது இடம்னா நாலு பேரு துப்பத்தான் செய்வான். நாம தொடச்சிக்கினு போவணும்."

"தொடைக்கவும் விடமாட்டேன்றீங்களே சார்."

"எமோஷனலாப் பேசாதம்மா."

"எமோஷன் இல்ல சார். நான் எதையும் அழிக்கச் சொல்லல. அவ பேர்ல ஒண்ணு ஏத்தறதுக்கு முன்னாடி அவளக் கேளுன்னு சொல்றேன். அவ சாவியில எவனாவது கையெழுத்து ஒட்டுனா, அவ சரின்னு சொன்னாத்தான் ஒட்டணும்னு சொல்றேன். கவர்மென்ட் எங்க வந்துச்சு இதுல?"

தணிகாசலம் பதில் சொல்லும் முன் வேறொருவர், "அந்தப் பொண்ணு பேர மாத்திக்கலாமே" என்றார். இசைவாணி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு இணைப்பைத் துண்டித்தாள். மரியாதை ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் தணிகாசலத்தின் போனை எடுக்கவில்லை.

முதலில் அவசரத்துக்கு வழி வேண்டியிருந்தது. இசைவாணி சுங்குவார்சத்திரம் போனாள். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த அந்த அறையில் சந்தனமாரிக்குப் புது முகவரியும் புதுச் சாவியும் உண்டாக்கினாள். அதை எந்த சர்வரிலும் ஏற்றவில்லை. விடுதிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் போனில் நேரில் வாங்கிக்கொண்டு போனார்கள். எழுதுவதை நிறுத்திய இரண்டு பேரில் ஒருத்தி வந்தாள்.

அதன் பிறகு தன் சர்வரைக் குழுவின் வலையிலிருந்து கழற்றினாள். அடுத்த சில வாரங்கள் மாலை நேரமெல்லாம் அதற்குப் புது விதிகள் எழுதுவதிலேயே போனது. ஒரு சாவி ஏறினால், அதில் இருக்கும் முகவரிக்கு ஒரு மெயில் போகும். முகவரிக்குச் சொந்தக்காரர் ஒப்புக்கொண்டால்தான் பெயரும் முகவரியும் தேடலில் தெரியும். அவர் ஏற்காத கையெழுத்து எதுவும் கூட வராது. வேண்டாம் என்றால் அவரே எடுத்துவிடலாம். பழைய சாவிகளுக்கெல்லாம் இதே கேள்வியை அனுப்பினாள். பதில் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற பெயர்கள் தேடலில் இருந்து மறைந்தன.

ஹேமந்த் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "காலியாக் கெடக்கே மேடம் உங்க சர்வரு" என்றான்.

"காலியா இருந்தா நாறாது."

செய்தவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. சைபர் போலீஸில் மனு வாங்கி வைத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர்மேல் எல்லோருக்கும் சந்தேகம், ஆதாரம் மட்டும் இல்லை. ஆனால் பெண்கள் எழுதியது வக்கீலுக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பெனியில் விசாரணை நடந்தது. பதினொரு பெண்கள் உட்கார்ந்து சொன்னார்கள். முடிவில் சூப்பர்வைசரை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஒரகடத்தில் இருக்கிற தங்களுடைய இன்னொரு ஆலைக்கு மாற்றினார்கள். அங்கேயும் லைனில் பெண்கள்தான்.

சந்தனமாரி போனில் இதைச் சொன்னபோது இசைவாணி வாயில் வந்த ஒரு வார்த்தையை விழுங்கினாள். சந்தனமாரியின் சாவியில் ஒட்டியிருந்த வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

"சரிக்கா, திட்டி என்னத்துக்கு?" என்றாள் சந்தனமாரி. "ஒரகடத்துல உள்ள பிள்ளைகளுக்கும் சாவி போட்டுக் குடுக்கணும். வாரீங்களா?"

போனார்கள். ஓர் அடுக்குமாடியின் மேல்தளத்தில், காயப்போட்ட யூனிஃபார்ம்களுக்கு நடுவே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுகப்பிரியா என்ற பெண் கையைத் தூக்கினாள். அங்கே வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"எவனாவது எம் பேர்லயும் அப்படிப் போட்டா என்னக்கா செய்ய?"

"எங்க சர்வர்ல ஏறாது. உனக்கு மெயில் வரும், நீ வேணாம்னா அதோட முடிஞ்சிது."

"மத்த சர்வர்ல?"

இசைவாணி பொய் சொல்ல விரும்பவில்லை. "மத்ததுல ஏறும்" என்றாள். "இன்னும் ஏத்திக்கினுதான் இருக்கானுங்க. இவளோட பழைய சாவி அங்கல்லாம் அப்படியேதான் கீது."

சந்தனமாரி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "பரவால்லக்கா, சொல்லுங்க. தெரிஞ்சிக்கிடட்டும்" என்றாள்.

சுகப்பிரியா சற்று யோசித்தாள். பிறகு தன் போனை நீட்டினாள்.