பதினைந்தில் விட வேண்டிய கிளாம்ப்

கல்லீரலுக்குள் போகும் ரத்தத்தைப் பதினைந்து நிமிடம் நிறுத்துவோம், ஐந்து நிமிடம் விடுவோம். கட்டியை வெட்டி எடுத்து முடியும்வரை இதே கணக்கு. பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் நான் டெக்னீஷியன். நேரம் பார்ப்பது என் வேலை. அட்டையில் தாளைச் செருகி, நிறுத்தியது, விட்டது என்று வரிசையாக எழுதி டிக் போடுவேன்.

அன்றைக்கு மீன்சுருட்டியிலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயிக்கு ஆபரேஷன். அவருடைய கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. மிச்சம் வைக்கிற பகுதி கூடுதல் நேரம் ரத்தமில்லாமல் தாங்காது என்று சர்ஜன் காலையிலேயே சொல்லியிருந்தார்.

சிறு துளைகள் வழியாகச் செய்வதால் உள்ளே கைவிட முடியாது. ரத்தக் குழாய்களைச் சுற்றி நாடா போட்டு, அதன் முனைகளை ரப்பர் குழாய் வழியாக வயிற்றுக்கு வெளியே எடுப்போம். நாடாவை இறுக்கிக் குழாயில் கிளாம்ப் என்கிற இடுக்கியைப் போட்டால் ரத்தம் நிற்கும். அந்தக் கிளாம்ப் பச்சைத் துணியின் மடிப்பில் கிடக்கும். எங்கள் கண்ணெல்லாம், உள்ளே விட்ட காமிரா காட்டும் திரையில் இருக்கும்.

இரண்டாவது சுற்றில், பதினைந்து ஆனதும் சொன்னேன். ஜூனியர் டாக்டர் துணிக்கடியில் கைவிட்டு, விட்டாச்சு என்றார். டிக் போட்டேன். லென்ஸைத் துடைக்கக் காமிராவை வெளியே எடுத்தார்கள். லப்பைக்குடிக்காட்டுக் கல்யாணத்தில் ஜூனியர் எத்தனை தடவை பிரியாணி வாங்கினார் என்று நர்ஸ் அக்கா கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காமிரா உள்ளே போனது. முதல் சுற்றில் விட்டதும் சிவந்த கல்லீரல் இப்போது கறுத்தே இருந்தது. சொன்னால் ஜூனியரைக் குற்றம் சொன்னதாகும். பார்க்காமல் டிக் போட்டவளும் நான்தான். அந்த யோசனையிலேயே ஒரு நிமிடம் போயிற்று.

"சார், கலர் வரல. கிளாம்ப பாக்கச் சொல்லுங்க."

துணியை விலக்கினார்கள். கிளாம்ப் பூட்டியபடியே இருந்தது. ஜூனியர் கழற்றியது, பக்கத்தில் உறிஞ்சுகுழாயைத் துணியோடு பிடித்திருந்த வேறொன்றை.

சரியானதைக் கழற்றியதும் கல்லீரல் மெல்லச் சிவந்தது.

"எவ்ளோ ஆச்சும்மா?"

"பத்தொம்போது சார்."

"அப்படியே எழுது. இப்ப பத்து நிமிஷம் விட்டுருவோம்."

போட்டிருந்த டிக்கைக் கோடிட்டு அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஜூனியர் கழற்றிய கிளாம்பை உயர்த்திக் காட்டினார். நானும் பார்த்த பிறகே எழுதினேன்.

அன்று மாலையே சர்ஜன் நோயாளியின் மனைவியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார். கல்லீரல் அடிபட்டதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்கள் மூன்று நாள் ஏறின. தினமும் டியூட்டிக்கு முன் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்தாம் நாள் பாதியாகக் குறைந்திருந்தன.

"எறங்கிருச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எறங்கிருச்சுங்க."

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே, கரும்புக்குத் தண்ணி விட்டாச்சான்னு பையன கேளு என்றார்.